முப்பத்தெட்டு சதவீதக் கால்

சௌந்திரத்துக்கு ஓரகத்தி பாவாயியின் நொண்டல் மேல் பொறாமை. நகை மேலும் நிலத்தின் மேலும் பொறாமைப்படுவது எந்த ஊரிலும் உள்ளதுதான்; அதையெல்லாம் அவள் முன்பே பட்டு முடித்திருந்தாள். மூத்த மருமகள் என்று மாமியாரின் அட்டிகை பாவாயிக்குப் போனது. கிணற்றை ஒட்டிய காடு பாவாயி புருஷன் பங்குக்குப் போனது. மாமியார் நாலு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது புரட்டிப் போட்டுத் துடைத்துவிடும் வேலை மட்டும் சௌந்திரத்தின் பங்குக்கு வந்தது. முப்பது வருஷமாக ஒரே வாசல், நடுவில் ஒரு சுவர். எது வந்தாலும் பாவாயிக்கு ஒரு பிடி கூடுதல். கடைசியில் காலில் பட்ட அடியிலும் அப்படியே ஆகிவிட்டது.

அடி இருவருக்கும் ஒரே நாளில்தான் பட்டது. மோகனூர்ப் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் இருவரும் முட்டை அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம், இவர்கள் போன ஷேர் ஆட்டோவின் மேல் கரும்பு லாரி ஒன்று பின்னாலிருந்து மோதியது. இருவருக்கும் வலது கால், முழங்காலுக்குக் கீழே. பாவாயிக்கு எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்துப் பதினெட்டு நாள் படுக்க வைத்தார்கள். சௌந்திரத்துக்கு உள்முறிவு. அவள் மூன்றாம் நாளே, சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டு வைத்தியரிடம் போய்விட்டாள். அந்தக் குடும்பத்தில் கை கால் முறிந்தால் அங்கேதான் போவார்கள். உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துப் பூசி, மூங்கில் பட்டை வைத்து மூன்று முறை மாற்றிக் கட்டினார். நாலாம் மாதம் சௌந்திரம் பண்ணையில் நின்றாள்.

"அக்காளுக்குக் காலெல்லாம் இரும்புங்க. எனக்கு ஆறு முட்டையோட முடிஞ்சுது" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

சிரித்தது தப்பாய்ப் போயிற்று. பாவாயிக்கு ஊனம் முப்பத்தெட்டு சதவீதம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நஷ்டஈடு ஏழே கால் லட்சம் வந்தது. வீட்டுக்குள்ளேயே நீல டைல்ஸ் பதித்து, நாற்காலி மாதிரி உட்காரும் கக்கூஸ் கட்டிக்கொண்டாள். சௌந்திரத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி தருவதாகச் சொன்னதோ ஒன்றே கால் லட்சம். வருகிற சனிக்கிழமை நாமக்கல்லில் மக்கள் நீதிமன்றம். ஒத்துக்கொண்டால் அன்றைக்கே கையெழுத்து. அப்புறம் பேச்சே கிடையாது.

திங்கட்கிழமை வக்கீல் தீனதயாளன் கூப்பிட்டு, வாங்கிக்கொள்வதே நல்லது என்றார்.

"ஏனுங்க, ஒரே ஆட்டோ, ஒரே லாரி, ஒரே காலு. அவிகளுக்கு ஏழு, எனக்கு ஒண்ணா?"

"அவங்ககிட்ட எக்ஸ்ரே இருக்குது, பில்லு இருக்குது, பிளேட் இருக்குது. உங்ககிட்ட என்னங்கம்மா இருக்குது?"

சௌந்திரம் பைக்குள்ளிருந்து வைத்தியர் கொடுத்த எண்ணெய் பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"இதத் தேய்ச்சா வலி எறங்கும். சதவீதம் ஏறாதுங்க" என்றார் வக்கீல். "வேண்டாம்னா கேஸ் நடத்தலாம். மூணு நாலு வருஷம் ஆகும். டாக்டருங்க முன்னால நிறுத்துவாங்க. குத்த வெச்சு உக்காரச் சொல்லுவாங்க, எந்திரிக்கச் சொல்லுவாங்க. காலு என்ன சொல்லுதோ அதான் கணக்கு."

"காலு நாஞ் சொல்றதக் கேக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றைக்கே பழக்க ஆரம்பித்தாள். மாமியார் விட்டுப்போன கைத்தடியைப் பரணிலிருந்து இறக்கினாள். மழை நாளில் அந்தக் கால் உண்மையாகவே குடையும். எழும்போது சுருக்கென்று இழுக்கும். ஆனால் அது யார் கண்ணுக்கும் தெரிகிற வலி இல்லை. பாவாயியின் நடைதான் தெரிகிற நடை. ஜன்னலில் நின்று பார்த்துப் பார்த்து, அவளைப் போலவே இடுப்பைத் தூக்கி, காலை வெளிப்பக்கமாக வீசி நடந்தாள். வாசலில் குந்துவதை விட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து பாத்திரம் கழுவினாள்.

புருஷன் சின்னுசாமி சொன்னான்: "எந்தக் காலுன்னு நெனப்பு வெச்சுக்க. காலைல எடது காலையில்ல நொண்டுன?"

"சும்மா இருங்க. உங்க அண்ணம் பொண்டாட்டி நொண்டுனா நாயம், நான் நொண்டுனா நடிப்பா?"

வியாழக்கிழமை மத்தியானம், சதவீதம் எழுதிக் கொடுத்த டாக்டர் யார் என்று கேட்டுக்கொள்ளப் பாவாயி வீட்டுக்குப் போனாள். மருமகள் தனப்பிரியா வேலைக்குப் போயிருந்தாள். உள்ளேயிருந்து முனகல் கேட்டது. நீல டைல்ஸில் சறுக்கி, பீங்கானுக்கும் சுவருக்கும் நடுவில் பாவாயி சிக்கிக் கிடந்தாள். பிடித்து எழுவதற்குச் சுவரில் வைத்திருந்த கம்பி ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"கையப் புடிச்சு இழு புள்ள!"

"இழுத்தா தோளு கழண்டுக்கும். செத்த பேசாம இருங்க."

மாமியாரிடம் நாலு வருஷம் பழகிய கை. தடியை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே போய், முதலில் தலையிலும் இடுப்பிலும் அடியில்லை என்று தடவிப் பார்த்தாள். ஈரத்தைத் துடைத்தாள். எதிரே நன்றாகக் குந்தி உட்கார்ந்து, பாவாயியின் இடது காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்ற வைத்தாள். துண்டை இடுப்பைச் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் பிடித்து, "என்ர தோளப் புடிங்க, இப்ப" என்று ஒரே மூச்சில் எழுப்பினாள். பாவாயி எண்பது கிலோவுக்குக் குறைய மாட்டாள். சௌந்திரத்தின் கால் இழுத்தது, ஆனால் தாங்கியது.

கட்டிலில் உட்கார வைத்து முழங்கையைப் பார்த்தாள். சிராய்ப்புதான். பாவாயி நன்றி சொல்லவில்லை. சௌந்திரத்தின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா குத்த வெச்சு உக்காந்தியே."

சௌந்திரம் துண்டை உதறி மடிக்க ஆரம்பித்தாள்.

"என்னையும் அந்தக் கட்டுக்காரர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருக்கலாமில்ல? நீ மட்டும் போயிட்டு வந்துட்ட."

"அக்கா, உங்களுக்கு எலும்பு வெளிய நீட்டிட்டு இருந்துதுங்க."

"இருந்தா என்னடி? இந்த டைல்ஸயெல்லாம் பேத்துட்டுப் போ, காலக் குடு. ரெண்டு வருசமா என்னால ஒரு கோலம் போட முடியல. நீ தெனமும் எங் கண்ணு முன்னால குந்திக் குந்திப் போட்ட. வேணும்னேதான போட்ட?" மூச்சு வாங்கினாள். "திங்கக்கெழமைலேருந்து நீ நொண்டறதப் பாத்துத்தான் எனக்கு ரெண்டு வாய் சோறு எறங்குது."

சௌந்திரத்துக்குச் சுரீரென்றது. கூடவே, சொல்ல வெட்கமான ஓர் இனிப்பும் நெஞ்சில் இறங்கியது. அட்டிகைக்காரி, கிணற்றுக்காரி, ஏழே கால் லட்சக்காரி தன் காலைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறாள். இவள் நொண்டினால் அவளுக்குச் சோறு இறங்குகிறது. கேஸ் நடத்தினால் மூன்று நாலு வருஷம் தினம் தினம் இறங்கும்.

டாக்டர் பெயரைக் கேட்காமலே எழுந்தாள். "கம்பி நல்லா முடுக்கறவரைக்கும் தனியா உள்ள போகாதீங்க. கூப்புடுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு, வாசலில் கிடந்த தடியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

சனிக்கிழமை ஒன்றே கால் லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். "யோசிச்சீங்களா?" என்று வக்கீல் கேட்டார். "யோசிச்சுட்டுத்தானுங்க வந்தேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாசல் தெளித்துக் குந்தி உட்கார்ந்தாள். அந்த வாசலுக்கு ஐந்து புள்ளிக் கோலமே போதும். பக்கத்து ஜன்னலில் பாவாயி வந்து நிற்பது தெரிந்தது. இவள் புள்ளியைப் பதினொன்றாக்கினாள். நிதானமாக இழை இழுத்து முடித்தபோது கால் மரத்துப்போய்க் குடைய ஆரம்பித்திருந்தது. உடனே எழவில்லை. கோலத்தைத் திருத்துகிறவள் போல விரலால் எதையோ தொட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான், நடுச்சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல எழுந்தாள்.