கூண்டில் சொல்லாத பேர்

சுனாமி வந்துபோன வருஷம். அளத்தில் உப்புக் கூடை சுமக்கும் பெண்களுக்கு அரசாங்கம் சொன்ன கூலியைத் தருவதில்லை என்று லேபர் கோர்ட்டில் கேஸ் போட்டிருந்தோம். போட்டது சுலபம், பின்னால் அலைந்ததுதான் பெரும்பாடு. வாய்தாவுக்குக் கூப்பிட்டால் அன்றைய கூலியும் போகும், பஸ் காசும் போகும். மரக்காணத்தில் ஏறி, பாண்டிச்சேரியில் மாறி, போய் நின்றால் அடுத்த மாசம் வாங்க என்பார்கள். சீ, என்ன பிழைப்பு என்று எனக்கு வெறுத்தே போயிற்று.

முதல் சாட்சி என் பக்கத்து வீட்டு அக்கா. எங்களில் ரொம்ப வருஷமாகச் சுமக்கிறவள் அவள்தான். அவள் வீட்டுக்காரருக்கு இருதயத்தில் கோளாறு. ஆபரேஷனுக்குப் பணம் கட்டச் சொல்லியிருந்தார்கள். கூலி பாக்கி வந்தால் கட்டிவிடலாம் என்றுதான் அவள் கோர்ட்டுப் படியே ஏறினாள்.

ஒருவழியாக அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். எங்கள் வக்கீல் கேட்டார்.

"உங்க அளத்து முதலாளி பேர் என்னம்மா?"

"மொதலாளிங்க."

"அது சரி. பேரைச் சொல்லுங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நீதிபதியும் பொறுமையாகக் கேட்டுப் பார்த்தார். வாயே திறக்கவில்லை. எதிர் வக்கீல் எழுந்து, முதலாளி யாரென்றே தெரியாதவர் தன் கட்சிக்காரரிடம் எப்படி வேலை செய்திருப்பார் என்றார். எங்கள் வக்கீல் பேரை எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். சாட்சிக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று அதையும் தடுத்துவிட்டார்கள்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. முதலாளிக்கும் அக்கா வீட்டுக்காரருக்கும் ஒரே பேர். கட்டினவன் பேரை எங்கள் பக்கத்துப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறையுமாம். ரேஷன் கடையில்கூட அவளுக்காக நான்தான் சொல்வேன். அளத்தில் அவர் எல்லாருக்கும் மொதலாளிதான், பேருக்கு அங்கே வேலையே இல்லை.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏம்மா, ஒரு பேரு. இதுக்குப் போயா?"

"படுத்த படுக்கையா கெடக்குறாரு சார். இப்பப் போயி எப்பிடி சொல்லுவேன்?" என்றாள் அக்கா.

அவளை மறுபடி விசாரிக்க மனுப் போட்டார். அதற்கொரு வாய்தா, எதிர்த்தரப்பு பதில் சொல்ல ஒரு வாய்தா. நடுவில் மழை பிடித்து அளத்து வேலையும் நின்றது. அந்த மழையிலேயே அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். ஆபரேஷன் செய்திருந்தால் பிழைத்திருப்பாரா, யார் கண்டது. ஆனால் செய்து பார்த்திருக்கலாம். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

வெயில் திரும்பின பிறகு மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். வக்கீல் கேள்வியை முடிக்கும் முன்பே, எதிரே உட்கார்ந்திருந்த முதலாளியைக் கைகாட்டிப் பேரைச் சொன்னாள். எழுதுகிறவருக்குக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். உரக்கச் சொன்னாள். அதில்தான் கேஸ் எங்கள் பக்கம் சாய்ந்தது. பாக்கிக் கூலி கைக்கு வர அதற்கப்புறமும் இழுத்தடித்தது.

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பொம்மையார்பாளையம் தாண்டினதும் என் பக்கம் திரும்பினாள்.

"இத்தினி வருஷத்துல இன்னிக்குத்தான்டி அவரு பேர வாயால சொன்னேன்" என்றாள். "அதுவும் வேற ஒருத்தனக் கைகாட்டி."