ஆற வைத்த கார்

என் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் மடிப்பண்ணன் என்று பெயர். லாண்டரி வைத்திருக்கிறோம். அவர் தேய்ப்பார். நான் துணிகளுக்கு அடையாளத் துண்டு குத்துவேன், பொத்தான் போயிருந்தால் தைப்பேன். இருபத்தாறு வருடமாக ஒரே மேசை, ஒரே ஜன்னல்.

அவர் தேய்த்த சட்டையை ஒரு வாரம் பெட்டிக்குள் போட்டு எடுத்தாலும் மடிப்பு கலையாது. அதற்குக் கைவாகு பாதிக் காரணம், பிடிவாதம் மீதிக் காரணம். சூட்டோடு மடித்தால் சுருக்கம் விழும் என்று தேய்த்ததையெல்லாம் தொங்கவிட்டு, முழுசாக ஆறிய பிறகுதான் மடிப்பார். யார் வந்து வாசலில் நின்று கத்தினாலும் சரி. "சூடா எதையும் கை மாத்தக் கூடாது. ஆக்கப் பொறுத்தவரு ஆறப் பொறுக்கணும், உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளிவிடுவார். ஒரு கல்யாண மாப்பிள்ளை வெறும் பனியனோடு அந்த ஸ்டூலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அங்கே பெண் வீட்டார் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. சிவப்பு நிறம், தரையோடு தரையாக உயரம், இரண்டே சீட். எதிர் வீட்டு டாக்டர் ஊரை விட்டுப் போனபோது, ஓடாமல் கிடந்ததைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கிவந்தார். இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவர் இரண்டு சீட் வண்டி வாங்கினால் யார் எங்கே உட்காருவது? கேட்டேன். பதில் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் கல்யாணமாகிப் போயே விட்டார்கள், இன்னும் பதில் வரவில்லை. நானும் அதற்குமேல் நச்சரிக்கவில்லை. ஒரு ஜோடி செருப்பு வாங்குவதற்கே நான் நாலு தடவை சொல்ல வேண்டிய மனிதர். வாழ்க்கையில் அவராக ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

ஆனால் ஓட்டுவாரா என்றால், அதுதான் இல்லை. வாரம் முழுக்கப் போர்வை போட்டு மூடி வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக்குப் போய்வர மட்டும் எடுப்பார். அதுவும் நடை வேகம். சைக்கிளில் போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

போன வருடம் புதுச் சட்டம் வந்தது. பழைய வண்டிகளெல்லாம் புகைச் சோதனையில் தேற வேண்டும். நாலு தடவைதான் வாய்ப்பு. நாலிலும் தோற்றால் வண்டி நம்பரை ரத்து செய்து, காரை நசுக்குகிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

முதல் தடவை போனார், தோற்றார். மெக்கானிக் பிளக்குகளை மாற்றினார். அந்த மெக்கானிக்கை நாங்கள் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவோம், பக்கத்துத் தெருவில் பட்டறை. இரண்டாம் தடவையும் தோற்றார். ஸ்பேனர் பில்டரை மாற்றினார், ஏதோ சென்சாரை மாற்றினார், சைலன்சருக்கு முன்னால் புகையைச் சுத்தம் செய்கிற டப்பா ஒன்று இருக்கிறதாம், அதையும் புதிதாகப் போட்டார். வீட்டுக்காரர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். துணி தேய்க்கும்போது தனக்குத்தானே பேச ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் தடவை நானும் கூடப் போனேன். கடவுளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

சோதனை நடக்கிற இடம் ஒரு பெரிய தகரக் கொட்டகை. தரையில் மஞ்சள் கோடு, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், கண்ணாடி அறைக்குள் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண். எங்களுக்குப் பதினோரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். இவர் என்னை ஒன்பது மணிக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

மரத்தடியில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, முன்மூடியைத் திறந்து வைத்தார். பையிலிருந்து விசிறியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"வேர்க்குதுன்னு எனக்குக் கொண்டுவந்தீங்களா?" என்றேன், ஆசையாக.

"வண்டிக்கு வீசு" என்றார்.

வீசினேன். வேறென்ன செய்ய? இரண்டு மணி நேரம் கழித்து இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "பச்சத் தண்ணி மாதிரி இருக்கு" என்று திருப்தியாகச் சொன்னார். எங்கள் முறை நெருங்கியதும் நாங்கள் இரண்டு பேருமாகக் கொட்டகைவரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம்.

எங்களுக்கு முன்னால் ஒரு டாக்ஸி. கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஏதோ சவாரியை இறக்கிவிட்டு நேராக உள்ளே வந்தார் அந்த டிரைவர், இன்ஜினை அணைக்கக்கூட இல்லை. அது தேறிவிட்டது. அடுத்து எங்கள் வண்டி. இவர் சாவியைத் துடைத்துக் கொடுத்தார். பின்னால் குழாயைச் செருகினார்கள், திரையில் நம்பர்கள் ஓடின, சிவப்பு விளக்கு எரிந்தது.

"பெயில். அடுத்தவங்க வாங்க" என்றார் நீலக் கோட்டுப் பெண்.

அன்று மதியம் வீட்டுக்காரர் ஒரு வெள்ளைச் சட்டையைக் கருக்கிவிட்டார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. கருகின சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஸ்பேனரிடம் ஓடினேன்.

"இதுக்கு மேல மாத்துறதுக்கு அந்த வண்டில ஒண்ணும் இல்ல அண்ணி. ஸ்டியரிங் மட்டுந்தான் பழசு" என்றார் அவர். "கையில டீ கிளாசோட இங்கயே ஓட விட்டுப் பாத்தேன், நல்லா சுத்தமாத்தான் இருந்துச்சு. அங்க போனதும் என்னதான் ஆகுதுன்னு தெரியல."

"அங்க போயி நல்லா ஆற வச்சுத்தானே கொடுக்கிறோம்?"

"என்ன வச்சு?"

"ஆற வச்சு. நான்தான் விசிறுனேன்."

ஸ்பேனர் டீ கிளாசைக் கீழே வைத்தார். பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"அண்ணி, அந்தப் புகை டப்பா கொதிக்கக் கொதிக்கச் சூடானாத்தான் வேலையே செய்யும். சூடில்லன்னா அது வெறும் தகர டப்பா. மூணு தடவையுமா ஆற வச்சாரு?"

"மூணு தடவையும்தான், அவரே சொன்னாரு."

"மூணு மாசமா என் உசுர வாங்கிட்டாரே அண்ணி! இத எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

"சோத்த வாயில வச்சுத்தானே சாப்பிடுறீங்கன்னு யாராவது கேப்பாங்களா?"

அதுவும் சரிதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. "இவ்வளவையும் மாத்திட்டு, இப்ப பழிய என்மேல போடுறான் அவன்" என்றார். "சூடான பொருளத் தூக்கி அடுத்தவங்க கையில கொடுக்கிறது மரியாதையா?"

"அது சட்டை இல்லங்க."

"எனக்குத் தெரியாதா அது சட்டை இல்லன்னு?"

"தெரியலையே!" என்று கத்திவிட்டேன். நான் அப்படிக் கத்துகிறவள் இல்லை. அன்று ராத்திரி அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், கடவுளிடம். இவரிடம் இல்லை.

மாதக் கடைசி நாள்தான் நாலாம் தடவை. அதுதான் கடைசி வாய்ப்பு. காலையில் இவர் வழக்கம்போல விசிறியைப் பைக்குள் வைத்தார். நான் அதைப் பிடுங்கிப் பீரோவின் மேல் எறிந்துவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்து, "ஸ்பேனர் சொன்னபடி பெரிய ரோட்டுக்குப் போங்க. இல்லன்னா நான் எறங்க மாட்டேன்" என்றேன். இவர் தெருவில் நின்று என்னைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். பிறகு ஏறினார்.

ஊரைச் சுற்றிப் போகிற பெரிய ரோட்டில் மூன்றாவது கியரிலேயே அரை மணி நேரம் ஓட்டினோம். வண்டி உறுமியது. அது அப்படிச் சத்தம் போடும் என்றே எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டே வந்தேன்.

"கண்ணத் தெறந்து ரோட்டப் பாரு" என்றார் இவர். "எனக்குத் தனியாப் பாக்கப் பயமா இருக்கு."

நேராகக் கொட்டகைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒன்பது வண்டிகள். வெயில் மண்டையைப் பிளந்தது. இன்ஜின் ரொம்பக் கொதிக்காமல் இருக்க ஹீட்டரைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார் ஸ்பேனர். அது இன்ஜின் சூட்டை வண்டிக்குள்ளே இழுத்துவிடுமாம். அந்தச் சின்ன வண்டிக்குள் நாங்கள் இரண்டு பேரும் இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்தோம். இவர் கை சாவிப் பக்கம் போனது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு. சூடு காட்டுற முள்ளு மேல போயிருச்சு பாரு."

"போகட்டும்."

"ஒரு நிமிஷம் அணைச்சு வச்சா என்ன கெட்டுப் போச்சு?"

"மூணு தடவை கெட்டுப் போச்சு."

பின்னால் நின்ற லாரிக்காரர் ஹார்ன் அடித்து, "பெரியவரே, கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்ததெல்லாம் போதும், வண்டிய நகர்த்துங்க!" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் கையை விடவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து எங்கள் முறை. இன்ஜின் ஓட ஓட இறங்கினோம். நீலக் கோட்டுப் பெண் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கொட்டகையே அதிர்ந்தது. இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான்தான் திரையைப் பார்த்தேன். நம்பர்கள் ஏறின, இறங்கின, இன்னும் இறங்கின. பச்சை விளக்கு.

"பாஸ்" என்றார் அந்தப் பெண். "இதே வண்டியா மூணு தடவை பெயிலாச்சு?"

"ஆற வச்சுக் கொண்டுவந்தோம்மா" என்றேன்.

"ஆற வச்சா? யாரும்மா அப்படிச் செய்யச் சொன்னது?"

"யாருமே சொல்லல. செய்யக் கூடாதுன்னும் சொல்லல" என்றார் இவர், சுவரிலிருந்து திரும்பி. "நீங்களாவது சொல்லியிருக்கலாமே?"

"நம்பரச் சொல்றதுதான் சார் எங்க வேலை."

சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். இவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், என் பக்கம் திரும்பி, "நீ மொதல் தடவையே கூட வந்திருந்தா இவ்வளவும் நடந்திருக்குமா?" என்றார்.

கடவுளே, எனக்குப் பொறுமையைக் கொடு என்று வாய்விட்டே சொன்னேன்.

இவர் ஏறி வண்டியை எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சந்திப்பு வந்தது. கடைக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். இவர் வலது பக்கம் திருப்பினார், பெரிய ரோட்டுக்கு.

"எங்கங்க போறீங்க? கடையத் தெறக்கணும். நாப்பது சட்டை கெடக்கு."

"கெடக்கட்டும்" என்றார், மூன்றாவது கியருக்கு மாற்றிக்கொண்டே. "ஹீட்டர மட்டும் அணை."