கயலின் குதிகாலை அளக்கப் போன கொடைக்கானல்

போன மாதம் மறுபடி கொடைக்கானல் போனோம். சுற்றிப் பார்க்க அல்ல, என் மகள் கயலின் நடையை அளக்க. ஒன்பது வயது. பெருமூளை வாதத்தால் இடது குதிகால் தரையில் சரியாகப் படாது. கெண்டைக்கால் இன்னும் இறுகியிருந்தால் ஆறு வாரம் மாவுக்கட்டு. அவளுக்கோ அடுத்த மாதம் பள்ளி ஆண்டுவிழாவில் நடனம்.

வத்தலக்குண்டில் காலை ஆறு மணி பஸ். மலையேற இரண்டரை மணி நேரம். வாந்தி வரும் பிள்ளையென்றால் முன் இருக்கையைப் பிடியுங்கள். கயல் மூன்று வயதில் என் மடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் "இன்னொண்ணு!" என்று கைதட்டிக்கொண்டு வந்தவள். இப்போது ஜன்னலோரம் எனக்குக் கிடையாது.

பஸ் நிலையத்திலிருந்து ஏரிப் பக்கம் இருக்கும் நடைப் பயிற்சி மையத்துக்கு டாக்சி முந்நூறு ரூபாய். முன்பெல்லாம் அங்கே பாதத்தில் நீல வண்ணம் பூசி, சார்ட் தாளில் நடக்கவிடுவார்கள். வீடு வந்து இரண்டு நாளானாலும் நகக்கண்ணில் நீலம் போகாது. அந்தத் தாள்களில் ஒன்றைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை. இப்போது கறுப்புப் பாய். அதன்மேல் நடந்தால் பாதம் எங்கே எவ்வளவு அழுத்துகிறது என்று கணினித் திரையில் நிறம் விழும்.

கயல் உதட்டைக் கடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். குதிகாலிலும் நிறம் விழுந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பயிற்சியாளர் ஷகிலா சிரித்தார். பக்கத்துப் பண்ணைக்காட்டு ஊர்க்காரர், இவளைச் சிறு வயதிலிருந்து பார்ப்பவர்.

"ஏ கயலு, என்ன, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி நடக்குற மாதிரி நடக்குற?"

"நான் எப்பவும் இப்படித்தான் மிஸ் நடப்பேன்."

"சரிங்க மேடம். சோலி முடிஞ்சிது. வாசல்ல குதிர நிக்குது, கேரட் குடுக்குறியா? ஒரு தடவைக்கு ஒண்ணுதான். வெரசா!"

கேரட் மேசை மேல், குதிரை வாசலில், நடுவே பாய். ஷகிலா கணினியை நிறுத்தவில்லை. கயல் போனாள், வந்தாள், திரும்பப் போனாள். திரையில் இடது பாதத்தின் முன்பகுதி மட்டும் சிவந்தது. குதிகால் இருக்க வேண்டிய இடம் காலி.

பதிவு மதுரையில் எங்கள் மருத்துவருக்குப் போனது. நாங்கள் மையத்திலிருந்து கிளம்புமுன், மதியமே போன் வந்தது: அடுத்த வாரம் கட்டு.

"கேரட்ட வச்சு ஏமாத்திட்டாங்க!" என்று அழுதாள்.

"கட்டாம விட்டா அப்புறம் ஆபரேஷன்ல போய் நிக்கும்டி தங்கம்" என்றார் ஷகிலா.

அளக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அன்றைக்கு ஏரி, படகு என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை பாயை மறக்கும்வரை உட்கார்ந்திருங்கள். முதலில் நடப்பது நமக்காக நடக்கும் நடை.

வத்தலக்குண்டில் இறங்கியதும் கயல் கோபத்தோடு எனக்கு முன்னால் விறுவிறுவென்று போனாள், குதிகால் படாமல். அந்த நடையை அவள் என்னிடமும் மறைத்து எத்தனை நாளாயிற்றோ. நான் வேகத்தைக் குறைத்து, பின்னாலேயே பார்த்துக்கொண்டு நடந்தேன்.