விரலை எடு, சித்தி!

எங்கள் அப்பாவுக்கு எதையும் ஜோடியாகப் பார்த்தால்தான் மனசு ஆறும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவருக்கு வேலையே அதுதான். தைத்து முடித்து வரும் ஷூக்களில் இடதுக்கு ஏற்ற வலதைத் தேடி, நிறமும் தோலின் சுருக்கமும் தையலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துப் பெட்டியில் போட வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. வாசலில் செருப்பு தாறுமாறாகக் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்ட மனிதரை நம்பித்தான் சித்தி ரிமோட் வாங்கி வரச் சொன்னாள்.

சித்தி அம்மாவின் தங்கை. வேலூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டு, எங்கள் வீட்டிலிருந்துதான் பஸ்ஸில் போய்வந்தாள். தெர்மோகோல் மாதிரி ஒரு லேசான அட்டையை வெட்டி ஒட்டி அவளே ஒரு விமானம் செய்திருந்தாள். மூக்கில் மோட்டார், வயிற்றில் பேட்டரி. நான் இரண்டு கையையும் விரித்தால்கூட அதன் இறக்கை எட்டாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று கிளம்புவதற்குள் பாலாற்று மணலில் அதைப் பறக்கவிடுவாள். அந்தக் காலத்தில் பாலாற்றில் தண்ணீர் ஓடிய நாளைவிடச் சித்தியின் விமானம் பறந்த நாள்தான் ஜாஸ்தி.

ஒரு ஞாயிறு அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. "குடு பாக்கலாம், இன்னா பெரிய வித்தை" என்று, விமானம் மேலே இருக்கும்போதே ரிமோட்டைக் கையில் வாங்கினார். ரிமோட் கை மாறுவதற்குள் விமானம் தலைகுப்புறத் திரும்பிவிட்டது. "மாமா!" என்று சித்தி அலறியது அக்கரைவரை கேட்டிருக்கும். முள்மரத்தில் சொருகியதை இறக்கி ஒட்டவைக்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. அப்பாவோ, தப்பு ரிமோட்டின் மேல்தான் என்று கடைசிவரை சாதித்தார்.

எனக்கு அப்போது ஆறாவது வகுப்பு. அந்த விமானத்தின் மேல் எனக்கிருந்த ஆசையைச் சொல்லி மாளாது. கனவில்கூட மோட்டார் சத்தம் கேட்கும். நானும் ஓட்டுவேன் என்று சித்தியை நச்சரித்து எடுத்துவிட்டேன். பரீட்சை முடிந்ததும் அவள் புனேவில் வேலைக்குப் போவதாக இருந்தது. ஒருநாள் என் தொல்லை தாங்காமல் சொன்னாள்: "நான் ஊருக்குப் போறதுக்குள்ள நீயா எறக்கிக் காட்டிட்டின்னா பிளேன் உனக்கு. இல்லாட்டி காலேஜ் பசங்களுக்குக் குடுத்துட்டுப் போய்டுவேன். அப்புறம் அழக்கூடாது."

ஆனால் கையில் வாங்கி ஓட்டும் கதை இனிமேல் கிடையாது என்றாள். இரண்டு ரிமோட்டை ஒரு ஒயரால் இணைத்து, ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சொல்லிக்கொடுப்பவரின் ரிமோட்டில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதனால் கண்ணிமைக்கும் நேரத்தில் விமானத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றிவிடலாம். அதற்கு அதே கம்பெனியின் இன்னொரு ரிமோட் வேண்டும். அப்பா கம்பெனி வேலையாகச் சென்னை போகவிருந்தார். "மாமா, இதுக்கு ஜோடி வாங்கினு வாங்க" என்று சித்தி தன் ரிமோட்டைப் போட்டோ எடுத்து அவர் போனில் போட்டு அனுப்பினாள்.

அப்பா வாங்கி வந்ததைப் பார்த்ததும் சித்தி கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். சித்தியின் ரிமோட்டில் வேகத்தைக் கூட்டும் குச்சி இடது பக்கம். அப்பா வாங்கி வந்ததில் அது வலது பக்கம். கடைக்காரர் இரண்டு வகையையும் எடுத்து வைத்திருக்கிறார். அப்பா யோசித்து, நிதானமாக, எதிர்ப்பக்கக் குச்சி உள்ளதைப் பொறுக்கியிருக்கிறார்.

"ஏம்மா சிரிக்கிற? ஜோடின்னா ஒண்ணு எடது, ஒண்ணு வலதுதான? ரெண்டும் எடது காலா இருந்தா எவன் வாங்குவான்?" என்றார் அப்பா. அவர் முகத்தில் துளிச் சந்தேகம்கூட இல்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டதே என்று எனக்கு அழுகை முட்டியது. ஆனால் ஒயரை மாட்டிப் பார்த்தால் அது பாட்டுக்கு வேலை செய்தது. குச்சி எந்தப் பக்கம் இருந்தாலும் 'வேகம்', 'மூக்கைத் தூக்கு' என்று ஒயர் வழியே போகிற சேதி ஒன்றுதானாம். சித்தி விளக்கினாள். அப்பா, இது தனக்கு முன்பே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார்.

வேலை செய்ததே தவிர, எனக்கு ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. சித்தியின் கையைப் பார்த்துக் காப்பி அடிக்க வழியில்லை. அவள் இடது கை செய்வதை நான் வலது கையால் செய்ய வேண்டும். அதனால் அவள் கையில் எனக்குப் புரிந்த ஒரே விஷயம் அந்தச் சுவிட்ச்தான். ஆள்காட்டி விரலால் அதை அழுத்திப் பிடித்திருப்பாள். நான் ஓட்டுகிறேன் என்று பேர், அவள் விரல் மட்டும் சுவிட்சை விட்டு நகராது. கட்டைவிரல்கள் வேறு குச்சிகளின் மேலேயே இருக்கும். பிறகு நான் எங்கே ஓட்டுவது! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"விரல எடு, சித்தி! நீயேதான் ஓட்டற!"

"சுவிட்ச் என் பாடு. நீ கண்ண மேல வெச்சிக்கோ" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

சில சமயம் விமானம் குப்புற விழப் போகும். அப்போது பக்கத்தில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். உடனே விமானம் நிமிர்ந்துகொள்ளும். பயத்தில் நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மறுபடி திரும்பிப் பார்த்தால் விரல் பழையபடி சுவிட்சின் மேல் இருக்கும். வாரம் போகப் போக அந்தச் சத்தம் கம்மியாகிக்கொண்டே வந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சித்தி கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு வந்துவிட்டது. அதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. கோயில் மணி அடிப்பதற்குள் வந்து சேரவேண்டும், சர்ச் ஆராதனைக்குக் கிளம்பும் நேரத்தில் மண்ணும் தலையுமாக வந்தால் வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன் என்று அம்மா எச்சரித்து அனுப்பியிருந்தாள். சித்தி விமானத்தை ஏற்றி, உயரத்தில் நேராக்கி, "ம், எறக்கு" என்றாள். ஒரு பெரிய வட்டம் போட்டுத் திருப்பி, வேகத்தைக் குறைத்தேன். பாதி தூரம் இறங்கும்போது பாலத்துப் பக்கமிருந்து காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து முள்மரத்தைப் பார்த்துப் போனது. கர்த்தரே என்று குச்சியை எதிர்ப்பக்கம் மெல்லச் சாய்த்தேன். நிமிர்ந்தது. மணலில் வயிறு உரசி, சறுக்கி, ஆடாமல் நின்றது.

அப்பா கைதட்டினார். நான் முதலில் பார்த்தது சித்தியின் விரலைத்தான். அது சுவிட்சை அப்படியே அழுத்திக்கொண்டிருந்தது. நகம் வெளுத்துப் போயிருந்தது.

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. "நீதான் எறக்கின! நான் பாத்தேன்!"

"நான் எங்கடி எறக்கினேன்? சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல."

கண்ணால் பார்த்த பிறகு சத்தியம் எதற்கு? அதற்குள் கோயில் மணி அடித்துவிட்டது. அப்பா எங்கள் இருவரையும் விமானத்தோடு சேர்த்து வண்டியில் திணித்துக்கொண்டு பறந்தார். சித்தி சொன்னபடி விமானத்தையும் இரண்டு ரிமோட்டையும் எனக்கே விட்டுவிட்டு ரயிலேறினாள். பாவம் பார்த்துக் கொடுத்த சாமானாக்கும் என்று ஒரு மாதம் அதை நான் தொடவில்லை. ரோஷத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை. பிறகு ஆசை தாங்காமல் ஒருநாள் தனியாக ஏற்றினேன். பூ மாதிரி இறங்கியது. எப்படி என்று எனக்கே ஆச்சரியம்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு, போன லீவில்தான் அப்பா, தனக்கும் ஓட்டச் சொல்லிக்கொடு என்று மெல்ல ஆரம்பித்தார். எத்தனையோ வருஷம் அடக்கிவைத்த ஆசை. சித்தியின் பழைய ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, ஒயரை என் ரிமோட்டில் மாட்டினேன். என்னுடையதிலும் அதே இடத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. அதுவரை அதற்கு வேலையே இருந்ததில்லை. விமானத்தை ஏற்றிவிட்டுச் சுவிட்சை அழுத்தினேன். அழுத்திய அந்த நொடியில் என் குச்சிகள் செத்துவிட்டன. நான் என்ன ஆட்டினாலும் விமானம் என்னைச் சட்டை செய்யவில்லை. அது அப்பா சொன்னபடி தள்ளாடித் தள்ளாடிப் போய்க்கொண்டிருந்தது. பதறி விரலை எடுத்தேன். 'டக்.' விமானம் என்னிடம் வந்துவிட்டது.

அதை நேராக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அழுத்திப் பிடித்தால் கொடுப்பது, விட்டால் பிடுங்கிக்கொள்வது. காற்று தள்ளிய அந்த ஞாயிற்றுக்கிழமை, விமானம் முள்ளைப் பார்த்துப் போனபோதும் 'டக்' கேட்கவே இல்லையே. மாதக்கணக்கில் ஒட்டிச் செய்ததை, அது விழுந்தாலும் விழட்டும் என்று, நகம் வெளுக்க வெளுக்க என்னிடம் கொடுத்துக்கொண்டே நின்றிருக்கிறாள் சித்தி. நானோ விரலை எடு என்று அவளைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன்.

மறுபடி சுவிட்சை அழுத்தினேன். அப்பா ஓட்டினார். திருப்பத்தில் கொஞ்சம் சரிந்ததை அவரே நிமிர்த்தினார். எனக்கு விரல் வலிக்க ஆரம்பித்தது. அப்பா ஓரக்கண்ணால் என் கையைப் பார்த்தார்.

"எம்மா, அந்தச் சுவிட்ச்சிலருந்து விரல எடேன். எவ்ளோ நேரம் நீயே ஓட்டுவ? நானும் கொஞ்சம் ஓட்டறேன்."

"கண்ண மேல வெச்சிக்கோப்பா" என்றேன். விரலை எடுக்கவில்லை.