கரியில் எழுதிய மதியம்

கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அடியிலிருந்து ‘கொரகொர’ என்று ஒரு சத்தம் கிளம்பும், பிறகு பானையே ஆடுகிற மாதிரி கொதிக்கும், மூக்கில் ஏறுகிற அந்த ஆவி பொங்கலுக்கு முன்னால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு எழும். மற்றப் பிள்ளைகளுக்கு அது புதுப் பாவாடை வரப்போகிற வாசனை. எனக்கு மட்டும் அது பிடிக்காது. எங்கள் வீட்டில் வெள்ளையடித்தால் அக்கா எழுதியது அழிந்துபோகும். அது அழிந்தால் அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று பயம்.

அம்மாவுக்கு வலிப்பு உண்டு. நான் நடை பழகிய வயதில் முதல் முதலாக வந்ததாம். அடுப்பில் கை விழுந்து, வலது உள்ளங்கை வெந்து சுருங்கிப்போனது. ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, ஒரு வேளை கூடத் தவறக்கூடாது, நெருப்புப் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் தனியாக விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அய்யா கூலி வேலைக்குப் போகிறவர், விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டவள் அக்கா முத்துராக்குதான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அடுப்பங்கரைச் சுவரில் அடுப்புக்கரியால் எழுத ஆரம்பித்தாள்.

எங்கள் ஊர் உச்சிப்புளிக்கு உள்ளே தள்ளி, மணலும் பனையுமாக இருக்கும். வீட்டில் கடிகாரம் இல்லாததால் அக்கா மணி போட்டு எழுதவில்லை. ‘ரயில் போனதும் மாத்திரை’ என்று முதல் வரி. காலையில் ராமேஸ்வரம் போகிற ரயில் கூவுவது எங்களுக்கு நன்றாகக் கேட்கும். ‘பிறகு ராக்கு கூட ஊத்துத் தண்ணிக்கு. பிறகு அடுப்பு, ராக்கு பக்கத்தில்’ என்று கீழே இறங்கும். பள்ளிக்கூடத்தில் சோற்று மணி அடித்ததும் மத்தியான மாத்திரை. கடற்படை ஹெலிகாப்டரையும் ஒரு தடவை சேர்த்துப் பார்த்தாள், அது இஷ்டத்துக்குப் பறந்ததால் அடித்துவிட்டாள். காலை முதல் இருட்டும் வரை அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் இருக்கும். அம்மா தனியாக இருக்கிற நேரம் என்று அந்தச் சுவரில் ஒன்றுமே கிடையாது.

தண்ணீருக்கு வந்த பக்கத்து வீட்டுக் கருப்பாயி சின்னம்மா அதைப் பார்த்துவிட்டு, “ஏத்தா ராக்கு, ஒங்காத்தாளுக்கு ஆபீசா வச்சிருக்க? சம்பளம் எம்புட்டு?” என்று கேட்டாள்.

“ஆபீசு இல்ல சின்னம்மா, ஜெயிலு,” என்றாள் அம்மா. “வார்டரம்மா நிக்கிறா பாரு.”

சின்னம்மாவும் நானும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை.

அடுத்து நடந்ததை இன்றைக்கும் என்னால் கோபம் இல்லாமல் சொல்ல முடியாது, செத்தவள்மேல் கோபப்படக்கூடாது என்று யார் சொன்னாலும் சரி. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருசம் அக்கா மிளகாய்க் காட்டு வேலைக்கும் கதிரறுப்புக்கும் போக ஆரம்பித்தாள், போகாவிட்டால் அடுப்பு எரியாது என்கிற நிலைமை. பகலில் அம்மாகூட இருக்க ஆள் வேண்டும். ஒரு காலையில் நான் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே, என் பெயருக்கு நேராக இருந்த ‘பள்ளிக்கூடம்’ என்பதை உள்ளங்கையால் தேய்த்துவிட்டு, அந்த அழுக்கின் மேலேயே ‘அம்மா கூட’ என்று எழுதினாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சோற்று மணி அடிக்கிறபோதெல்லாம் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, என் தட்டு அங்கே வரிசையில் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருசப் பொங்கலுக்கு முந்தின நாள் அய்யாவும் அக்காவும் கதிரறுப்புக்குப் போயிருந்தார்கள். அம்மா சுண்ணாம்பைக் கரைத்துவிட்டு, “சின்னவளே, கருப்பாயி வீட்ல நீலம் இருந்தா வாங்கியா, சொவரு பளிச்சுன்னு இருக்கும்,” என்று என்னை அனுப்பினாள். சுவரெல்லாம் அடிக்கப்போகிற சந்தோசம் முகத்தில் இருந்தது. சின்னம்மா வெகு நேரம் தேடி எடுத்துத் தந்த நீலத்தோடு நான் திரும்பி வந்தபோது அடுப்பங்கரைச் சுவர் மட்டும் அடித்து முடிந்திருந்தது. நாராக நசுக்கின பனைமட்டை பானைக்குள் கிடந்தது. ஈரச் சுவரில் சாம்பல் நிறமாகக் கலங்கின ஒரு பட்டைதான் மிச்சம், ஒரு எழுத்து கூட இல்லை. அம்மாவும் இல்லை. மூலையில் இருந்த தண்ணீர்க் குடமும் இல்லை.

ஊத்து என்றால் மணலில் தோண்டின குழி. முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் ஊறி நிற்கும், சிரட்டையால் மொண்டு ஊற்றிக் குடத்தை நிறைக்கவேண்டும். முழங்கால் ஆழம்தான், ஆனால் குனிந்து மொள்ளுகிறபோது வலிப்பு வந்து முகம் குப்புற விழுந்தால் அது போதும். நான் ஊத்துக்கு ஓடவில்லை. அங்கே என்ன கிடக்குமோ என்று பயந்து, வயலுக்கு ஓடி அக்காவைக் கூப்பிட்டேன். அவள் கதிரறுத்த அரிவாளைக் கீழே போடக்கூட மறந்து ஓடினாள். பின்னால் அய்யா, “ஏலே, பிள்ளைகளைப் புடிங்கடா, கையில அரிவாளு!” என்று கத்தியது கேட்டது. மணலில் கால் புதைந்து புதைந்து, எவ்வளவு ஓடியும் அந்தப் பனைகள் பக்கத்தில் வரவே இல்லை.

அம்மா ஊத்தங்கரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். குடம் நிறைந்திருந்தது. முகம் கழுவி, ஈரத்தோடு காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். அம்மா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“வாங்க வாங்க. செத்துட்டேனான்னு பாக்க ரெண்டு பேரும் ஓடியாறீகளோ?”

அக்கா அரிவாளை மணலில் எறிந்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். “விழுந்திருந்தா?”

“விழுந்திருந்தா விழுந்திருப்பேன்.”

“அப்ப நாங்க?”

“ஏத்தா ராக்கு, ஒதுங்கப் போனாக்கூட பின்னாடி ஒருத்தி வாரா. என்னையப் பெத்தவ கூட இம்புட்டுக் காவல் காக்கல. ஒரு மனுசிக்கு ஒரு நேரமாச்சும் தன்னந்தனியா இருக்கணும்னு தோணாதா?”

அதைச் சொல்லிவிட்டு அம்மா முந்தி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மத்தியான மாத்திரை. சரியாக அப்போதுதான் தூரத்தில் சோற்று மணி அடித்தது. “எழுத்துத் தெரியாட்டி நேரமும் தெரியாதாக்கும்,” என்று சொல்லி, சிரட்டைத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினாள். அக்கா அழுதாள், வாயைத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி. அவள் அப்படி அழுததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

சுவர் காய்ந்ததும் அக்கா மறுபடியும் எல்லாவற்றையும் எழுதினாள். எல்லாம் பழையபடிதான், என் பெயருக்கு நேரேயும் பழையபடிதான். மதியத்தில் மட்டும் ஒரு புது வரி: ‘மாத்திரை போட்டுவிட்டு அம்மா ஊத்துக்கு.’ பக்கத்தில் எந்தப் பெயரும் இல்லை. எழுதும்போது கரித்துண்டு இரண்டு முறை உடைந்தது.

அன்றிலிருந்து எங்களுக்கு அந்த நேரம்தான் பெரிய பாடு. நான் வாசலில் நின்று பனைகளுக்கு நடுவே குடம் தெரிகிறதா என்று பார்ப்பேன். வயலில் அக்காவும் அந்த நேரத்துக்கு நிமிர்ந்து நிற்பாளாம், கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். ஒரு தடவை பாதையில் வலிப்பு வந்து, உதடு கிழிந்து, மணலும் ரத்தமுமாக அம்மா தானே எழுந்து நடந்து வந்தாள். அன்று சாயங்காலம் அக்கா சுவரில் அந்த வரிக்கு முன்னால் போய் நின்று உள்ளங்கையைத் தூக்கினாள். அம்மா தடுக்கவில்லை, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கையைக் கீழே போட்டுவிட்டு, அம்மாவின் உதட்டுக்கு மஞ்சள் அரைக்கப் போனாள்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மாவே அந்தச் சுவரை அடிப்பாள், காய்ந்ததும் அக்காவே எழுதுவாள், அந்த வரியோடு. அப்படியே வருசங்கள் போயின.

போன ஆடியில் அக்கா இறந்துபோனாள். காய்ச்சலோடுதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், கண் மஞ்சளான பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எல்லாருக்கும் நேரம் பிரித்து எழுதினவள், தன் காய்ச்சலுக்கு அந்தச் சுவரில் ஒரு இடம் வைக்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான்.

இப்போது பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு கொதிக்கிறது. துக்க வீடு என்பதால் எங்களுக்கு இந்த வருசம் பொங்கலும் இல்லை, வெள்ளையடிப்பும் இல்லை. ஊருக்குக் குழாய் வந்துவிட்டது, ஊத்து மணல் மூடிக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. குழாய் வந்த பிறகும் அம்மா மதியத்தில் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாள். அக்கா போனதிலிருந்து போவதில்லை. அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருக்கிறாள். அவள் ரவிக்கையைத் துவைத்தால் முதுகுப் பக்கத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் ஓடுகிறது.

நேற்று மத்தியான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, “சின்னவளே, அவ எழுதுனது இன்னும் இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கும்மா.”

“படி.”

ரயில் போனதும் மாத்திரை என்று ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் சுவரில் இல்லை, மனதில் இருந்ததைப் படித்தேன். ‘அம்மா ஊத்துக்கு’ என்று நான் சொன்ன இடத்தில் வெறும் கறைதான் இருந்தது. அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அந்த நேரத்துக்கு ஓம் பேரையும் சேத்து எழுதுத்தா. இனிமே தனியா வேணாம்.”

அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தேன். அம்மா நகர்ந்து இடம் விட்டாள். அந்த வரியைத் திரும்ப எழுதி, கடைசியில் என் பெயரையும் எழுதினேன். கோணலாக வந்தது, அக்காவின் எழுத்து போல இல்லை. அம்மா பழையபடி சாயப் போனவள், சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.