சுறா எண்ணெய் பூசிய பெட்டிகள்

எழுபதுகளில், துறைமுகத்திலிருந்து வந்த பலகையில் எங்கள் எதிர்வீட்டுக்காரி நான்கு செடிப்பெட்டிகள் செய்து, வார்னிஷ் அடித்து, வாசலில் வைத்து ரோஜா நட்டாள். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

நானும் பெட்டி கேட்டு அடம்பிடித்தேன். என் வீட்டுக்காரர் தோணியில் வேலை பார்த்தவர். “வார்னிஷ் உப்புக்காத்துக்குத் தாங்காது ஏளா, தோணிக்கே இதத்தான் பூசுதோம்” என்று பெட்டிகளைச் செய்து சுறா எண்ணெயை மூன்று தடவை பூசினார். மரம் கருத்து மினுங்கியது. ஆனால் அந்த நாற்றம்! ஊர்ப் பூனைகள் எல்லாம் வந்து பெட்டியை நக்கின, மண்ணைப் பறித்தன. நட்ட செடி ஒன்றுகூடத் தங்கவில்லை. பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்வீட்டுக்கே போனார்கள்.

அடைமழை முடிந்தபோது அவளுடைய வார்னிஷ் தோல் தோலாக உரிந்து, அடிப்பலகை இற்றிருந்தது. என் பெட்டிகள் அப்படியே இருந்தன. ஒருநாள் தூக்குவாளியோடு வந்தாள்.

“அக்கா, அந்த எண்ணெய் கொஞ்சம் இருந்தா தாங்க.”

“தீந்துபோச்சே” என்றேன். கதவுக்குப் பின்னால் அரை டின் இருந்தது.

இற்றுப்போன பெட்டியிலும் அவளுடைய ரோஜா பூத்துக்கொண்டுதான் இருந்தது. என்னிடம் இருந்தது நல்ல மரம் மட்டும்.