ஐந்தாவது வரி

ஆடி அமாவாசைக்கு முதல் நாள், கீரிமலையில் ஐயரிடம் கொடுக்கப் பெயர்த்துண்டு எழுதி வைப்பது என் வழக்கம். அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா, கடைசியாக அப்பாவின் அம்மா. நான்கு வரிகள். அப்பா போன பிறகு ஒரு வருடமும் ஓர் எழுத்துக்கூட மாறியதில்லை.

இந்த வருடம் மூன்றாம் வரியோடு பேனை நின்றுவிட்டது.

மாசியில், கனடாவிலிருக்கும் அண்ணை அங்கிருந்து ஊருக்கு வந்த ஆளொருவரிடம் ஒரு சின்னப் பெட்டி கொடுத்துவிட்டிருந்தார். பூர்வீகம் பார்க்கும் டிஎன்ஏ பரிசோதனை. தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் குழாயில் எச்சில் துப்பி, மூடி, அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். சித்திரையில் முடிவு வந்தது. முக்கால்வாசி தென்னிந்தியாவும் இலங்கையும். மிச்சக் கால்வாசி மலாய்க்காரர்.

உடனே அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“என்ரை எச்சில் வேறை ஆற்றையோ எச்சிலோடை மாறிப்போச்சு, அண்ணை.”

“மாறேல்லையடா. எனக்கும் உதுதான் வந்தது. பிழையெண்டு நினைச்சுத்தான் உனக்கும் அனுப்பினனான்.”

அப்பாவின் அப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்கர். அப்பா அங்கே பிறந்து, இரண்டு வயதில் கப்பலில் இணுவிலுக்கு வந்தவர். அலுமாரியிலிருந்த அப்பப்பா, அப்பம்மாவின் கலியாண எழுத்துப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். இணுவிலில் நடந்த கலியாணம். அப்பா வந்து ஒரு வருடம் கழித்து. இரண்டு திகதிகளையும் என் கையாலேயே குடும்ப விவரக் கொப்பியில் எழுதியிருக்கிறேன். ஒருநாளும் அருகருகே வைத்துப் பார்த்ததில்லை.

“ஒருத்தரோடையும் கதைச்சிடாதை,” என்றார் அண்ணை, திரும்ப எடுத்து இதைச் சொன்னபோது. “என்ரை பிள்ளைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கு. ஊரிலையும் விசாரிப்பினம்.”

“நான் ஆரோடை கதைக்கிறது?”

சிரித்தார். “அதுவும் உண்மைதான். உன்ரை டயறியோடைதானே கதைப்பாய். அதையும் பூட்டி வை.”

வீட்டில் நான் ஒருவன்தான். அதன் பிறகு சவரம் செய்யும்போது கண்ணாடி முன் கொஞ்சம் கூடுதலாக நின்றேன். மூக்கா, கண்ணா, மலாயாவில் அப்பாவைப் பெற்ற அந்தப் பெண்ணுடையது எது என்று பிடிபடவில்லை.

நான்காம் வரியை எழுதாமல் விட மனம் வரவில்லை. அப்பா ‘அம்மா’ என்று கூப்பிட்டது அவரைத்தான். எழுதினேன். கீழே ஐந்தாவதாக ஒரு கோடு மட்டும் போட்டேன்.

கீரிமலையில் ஐயர் துண்டை வாசித்து, அந்தக் கோட்டில் நின்றார்.

“பேர் எழுத மறந்திட்டியளோ?”

“மறக்கேல்லை ஐயா. தெரியாது. அப்பாவைப் பெத்தவ.”

“அப்ப மேலை இருக்கிறவ?”

“வளர்த்தவ.”

“கெதியாச் சொல்லி முடியுங்கோ, வெயில் ஏறுது,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஊர்க்காரராகவும் இருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“பேர் தெரியாட்டில் அம்பாளின்ரை பேரைச் சொல்லலாம்,” என்றார் ஐயர். “பார்வதி எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். எள்ளும் தண்ணீரும் விரல்களுக்கு மேலால் வழிந்தன. எந்தச் சாமியைக் கும்பிட்டவரோ. அந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பியாவது பார்த்திருப்பாரா?

பஸ்ஸில் வரும்போது அண்ணையிடமிருந்து செய்தி: “தர்ப்பணம் முடிஞ்சுதே? வழமைபோலைதானே?”

“ஓம்” என்று அனுப்பினேன். வீட்டுக்கு வந்து, டயறியில் ஐந்து பேருக்கு என்று எழுதி, அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.